கப்பித் தொட்டியும் விதைக் குதிரும்

விதைநெல் வாங்க வீட்டுக்கு வருகிறவர்கள் திண்ணையில் இருக்கும் மூன்று கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் பொழுதுபோக்கா?" என்று கேட்பார்கள். பொழுது போகிறது, உண்மைதான். ஆனால் விதை காக்க நினைக்கிற யாருக்கும் இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் கட்சி. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் என்று முட்டை இடாமல் குட்டி போடுகிற இந்தச் சின்ன மீன்கள், கலப்பது எவ்வளவு சுலபம், கலந்ததைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை ஆறே மாதத்தில் காட்டிவிடும். நெல்லில் இதே பாடத்தைப் படிக்க நாலைந்து பட்டம் ஆகும். மாட்டில் படிக்க ஒரு ஆயுசே வேண்டும்.

இதே மீன்களால் நம் கிணறுகளுக்கும் குளங்களுக்கும் வந்திருக்கிற ஒரு வம்பும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் தொட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

கப்பிக்குச் சொந்த ஊர் டிரினிடாட் தீவும் அதை ஒட்டிய தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியும். பிளாட்டி, ஸ்வார்டு டெயில் இரண்டும் மெக்சிகோ பக்கத்து ஆறுகளில் இருந்து வந்தவை. நமக்கு வருவது சென்னை கொளத்தூரில் இருந்து. வண்ண மீன் வளர்ப்பையே பிழைப்பாக வைத்திருக்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம். நம்ம பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று நாம் திட்டுகிற அதே தண்ணீர் இந்த மீன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நகராட்சித் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபிறகு ஊற்றணும். ஹீட்டர் எல்லாம் விற்க வருவார்கள். திருவண்ணாமலை வெயிலுக்கு ஹீட்டரா! சித்திரை வைகாசியில் நிழல் இருந்தால் போதும். தீனிக்கு டிரம்மில் இருக்கிற கொசுப்புழு, கொஞ்சம் அவித்த முட்டை மஞ்சள் கரு. அதிகமாகப் போட்டால் தண்ணீர் நாறிவிடும், அவ்வளவுதான்.

பெண் கப்பி சுமார் நாலு வாரத்துக்கு ஒருமுறை ஈனும். ஒரு ஈத்துக்கு இருபது முதல் ஐம்பது குட்டி சாதாரணம். பெற்ற தாயே குட்டிகளைத் தின்றுவிடும். கொஞ்சம் வேலம்பாசியைப் போட்டு வைத்தால் குட்டிகள் அதற்குள் ஒளிந்து பிழைத்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் மீன், அந்த விந்தைத் தன் உடம்புக்குள்ளேயே பல மாதம் கெடாமல் வைத்திருக்கும். அப்புறம் ஆணே இல்லாத தொட்டியில் தனியாக விட்டாலும் ஈத்துக்கு மேல் ஈத்து ஈன்றுகொண்டே இருக்கும். எங்க வங்கி பாஷையில் சொன்னால், ஃபிக்சட் டெபாசிட் போட்டுவிட்டு மாதா மாதம் வட்டி வாங்குகிற கணக்கு. கடையில் நீங்கள் வாங்குகிற பெண் மீன் அநேகமாக ஏற்கனவே டெபாசிட் போட்டதுதான். "ஜோடி வாங்கினேன் சார், அப்பன் மாதிரி ஒரு குட்டிகூட வரலையே" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில். நீங்கள் வாங்கிய ஆண் அந்தக் குட்டிகளுக்கு அப்பனே கிடையாது.

அதனால் கலப்பு செய்யணும் என்றாலும், ரகத்தைக் கலப்பில்லாமல் காப்பாற்றணும் என்றாலும், மூணு நாலு வார வயசிலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். ஆணுக்கு அடிவயிற்றுத் துடுப்பு குச்சி மாதிரி நீளும். பெண்ணுக்கு விசிறி மாதிரியே இருக்கும், அதன் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டும் தெரியும். பூசணியின் பெண் பூவை மலர்வதற்கு முதல் நாள் சாயந்திரமே கட்டி வைக்கிறோமே, அதே வேலைதான் இது. ஒருநாள் தாமதித்தால் தேனீ வந்து போய்விடும்.

நம் வாசகர்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். சாம்பல் உடம்புள்ள சாதாரண கப்பி ஒன்று, தங்க நிற உடம்புள்ள கப்பி ஒன்று. இரண்டும் சுத்தமான வரிசையில் வந்தவையாக இருக்கணும், பெண் ஆணைப் பார்க்காததாக இருக்கணும். சேர்த்தால் முதல் ஈத்தில் எல்லாக் குட்டியும் சாம்பல். தங்கம் எங்கே போச்சு என்று பிள்ளைகள் கேட்கும். அந்தச் சாம்பல் குட்டிகளையே வளர்த்து தங்களுக்குள் சேர விடுங்கள். அடுத்த தலைமுறையில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கம் திரும்பி வரும். நாற்பது குட்டி என்றால் பத்து வாக்கில் வரும், எட்டும் வரலாம் பன்னிரண்டும் வரலாம். மெண்டல் பட்டாணியில் பார்த்ததை நம் பிள்ளைகள் திண்ணையில் பார்த்துவிடலாம்.

வீரிய ஒட்டுத் தக்காளி விதையை எடுத்து வைத்து மறு வருஷம் போட்டால் ஏன் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு தினுசாக வருகிறது என்று எத்தனை கூட்டத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள்! கம்பெனிக்காரன் விதையில் ஏதோ மருந்து வைத்துவிட்டான் என்று நினைக்கிறவர்கள்கூட உண்டு. மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. முதல் தலைமுறையில் ஒளிந்திருந்தது இரண்டாம் தலைமுறையில் பிரிந்து வெளியே வருகிறது. மீனில் ஒரே ஒரு குணம் பிரிவதைப் பார்க்கிறோம். தக்காளியில் நூறு குணம் ஒரே நேரத்தில் பிரிகிறது.

கப்பியில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆணின் வண்ணங்களில் பல, அப்பனிடம் இருந்து மகனுக்கு மட்டுமே போகும். டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஷ்மிட் 1920-ல் இதைக் கவனித்தார். அதே ஊர்க்காரர் விங்கே அடுத்த சில வருஷங்களில், அந்த வண்ணங்கள் ஆண்பாலுக்கே உரிய குரோமோசோமில் உட்கார்ந்திருக்கின்றன என்று தெளிவாக்கினார். மற்ற சில வண்ணங்களைப் பெண் மீன் தனக்குள் சுமந்துகொண்டிருக்கும், ஆனால் தன் உடம்பில் காட்டாது. பார்க்க ஒன்றுமில்லாத சாம்பல் மீன். அதன் மகன்களைப் பார்த்தால்தான் அவள் என்ன வைத்திருந்தாள் என்றே தெரியும். ஆகவே ஆணை மட்டும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பெண்ணைக் கைக்கு வந்ததைப் போடுகிறவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். பொலிகாளையின் திமிலை மட்டும் பார்த்துவிட்டுத் தாய்ப்பசுவின் வம்சத்தை விசாரிக்காதவர்களுக்கும் இது பொருந்தும்.

பிளாட்டிக்கும் ஸ்வார்டு டெயிலுக்கும் வருவோம். இரண்டும் வேறு வேறு இனம். தொட்டியில் சேர்த்தால் தாராளமாகக் கலக்கும், குட்டிகளும் மலடு இல்லை. கடையில் இருக்கும் சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு வகைகளில் பெரும்பாலானவை பழைய கலப்பின் வாரிசுகள்தான். ஆனால் 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் மைரன் கார்டனும் ஜெர்மனியில் கர்ட் காஸ்விக்கும் தனித்தனியே ஒன்றைப் பார்த்தார்கள். முதுகுத் துடுப்பில் கறுப்புப் புள்ளி உள்ள ஒரு பிளாட்டி வகையை ஸ்வார்டு டெயிலோடு கலந்தார்கள். முதல் தலைமுறையில் புள்ளி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கலப்பு மீனைத் திரும்பவும் ஸ்வார்டு டெயிலோடு சேர்த்தபோது, குட்டிகளில் சுமார் கால்வாசிக்கு அந்தப் புள்ளி கொடிய தோல் புற்றாக மாறியது. மெலனோமா என்கிறோமே, அது.

காரணத்தைப் பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். பிளாட்டிக்குள் புள்ளி போடுகிற மரபுக்கூறும் இருக்கிறது, அதைக் கட்டி வைக்கிற இன்னொரு மரபுக்கூறும் தனி இடத்தில் இருக்கிறது. காலங்காலமாக இரண்டும் ஒரே வீட்டில் வாழ்ந்து பழகியவை. ஸ்வார்டு டெயிலுக்கு இரண்டுமே கிடையாது. திரும்பத் திரும்ப அதோடு கலந்தால் சில குட்டிகளுக்குப் புள்ளி மட்டும் வந்து சேரும், கட்டி வைக்கிறது வராது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு இன்றைக்கும் இந்த மீன்கள் பயன்படுகின்றன. கார்டன் தொடங்கிய மீன் வரிசைகளை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் இன்னும் தனித்தனியே பராமரித்து வருகிறது. எண்பது தொண்ணூறு வருஷமாக, எந்தத் தாய் எந்தத் தகப்பன் என்ற குறிப்போடு! நம் ஊரில் ஒரு நெல் ரகத்துக்கு அப்படி ஒரு குறிப்பேடு இருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது.

இதைப் படித்துவிட்டு "பாத்தீங்களா, கலப்புன்னாலே கேடுதான்" என்று நம் இயக்கத்து நண்பர்கள் சிலர் கிளம்பிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதும் இல்லை. டெக்சாஸ், மெக்சிகோ பக்கம் அமேசான் மோலி என்று ஒரு மீன் உண்டு. அமேசான் ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கிரேக்கக் கதையில் வரும் பெண் வீரர்களின் பெயர் அது. இரண்டு மோலி இனங்கள் இயற்கையாகவே கலந்து உண்டானது. அத்தனையும் பெண். தாயின் அச்சாகவே மகள்கள் பிறக்கும். ஆக, கலப்பு இயற்கையிலும் நடக்கிறது. நம் முன்னோர் கையில் இத்தனை ஆயிரம் நெல் ரகம் வந்ததும் வயலில் தானாக நடந்த கலப்பையும் மாற்றத்தையும் கண் வைத்துப் பொறுக்கியதால்தான். கதிரைப் பார்த்து "இது வேற மாதிரி இருக்கே" என்று தனியே அறுத்து வைத்த கிழவிதான் நம் முதல் விதை விஞ்ஞானி.

என் சண்டை கலப்போடு இல்லை. கணக்கு இல்லாத கலப்போடுதான். தாய் ரகத்தைத் தனியே காப்பாற்றாமல், எதோடு எதைச் சேர்த்தோம் என்று எழுதாமல் கலக்கிறோம் பாருங்கள், அதோடுதான். எண்ட்லர் என்ற ஆராய்ச்சியாளர் 1975-ல் வெனிசுவேலாவின் ஒரு ஏரியில் கப்பி மாதிரியே, ஆனால் வேறாக, பளபளவென்று ஒரு மீனைக் கண்டார். 2005-ல் அதற்குத் தனி இனம் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள், முன்னால் சொன்ன அந்த விங்கேயின் பெயரையே. இந்த மீன் கப்பியோடு சர்வசாதாரணமாகக் கலக்கும். மீன் வளர்ப்போர் கையில் வந்த கொஞ்ச காலத்திலேயே கலப்பில்லாத எண்ட்லர் எது என்று தெரியாத நிலை. இப்போது வெளிநாட்டு வளர்ப்பாளர்கள், எந்த ஊர்த் தண்ணீரில் பிடித்தது, யார் யார் கை மாறியது என்ற குறிப்பு இருந்தால்தான் சுத்த வகை என்று ஏற்கிறார்கள். குறிப்பு இல்லையென்றால் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கலப்பு என்றே கணக்கு. கண்ணால் பார்த்துச் சான்று தர மாட்டார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? விதைத் திருவிழாவில் ஒரு கைப்பிடி நெல், ஒரு பழைய காகிதப் பொட்டலம், மேலே பேனாவில் "மாப்பிள்ளைச் சம்பா". யார் வயல், எந்த வருஷம், பக்கத்தில் என்ன இருந்தது, களத்தில் கலவன் பொறுக்கினார்களா, ஒன்றும் கிடையாது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் என்பதால் பிழைத்தோம். சுரை, பீர்க்கு, சோளம், கத்தரி எல்லாம் அப்படி விடாது. திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் தன் வாழ்நாளில் மீட்டுக் கொடுத்தது 170-க்கும் மேலான ரகங்கள். 2018-ல் அவர் போய்விட்டார். அந்த ரகங்கள் இன்று ஆயிரம் கைகளில் இருக்கின்றன என்று சந்தோஷப்படுகிறோம். அந்த ஆயிரம் கைகளில் எத்தனை நோட்டு இருக்கிறது? வங்கியில் ஐநூறு ரூபாய் சேமிப்புக் கணக்கு தொடங்க கேஒய்சி கேட்கிறோம். விதைக்குக் கேட்க மாட்டோமா?

நெருங்கிய உறவில் சேர்ப்பது பற்றியும் தொட்டி நிறையச் சொல்லும். ஒரே ஜோடியில் ஆரம்பித்து அண்ணன் தங்கச்சியாகவே நாலைந்து தலைமுறை ஓட்டினால், குட்டி எண்ணிக்கை குறையும், முதுகு கோணும், நோய்க்குத் தாங்காது. இரண்டு மூன்று தொட்டியில் தனித்தனி வரிசையாக வளர்த்து, சில தலைமுறைக்கு ஒருமுறை ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். நாலு சுரைக்கொடியில் இருந்து மட்டும் வருஷா வருஷம் விதை எடுக்கிறவர்கள் பக்கத்து ஊர் நண்பரோடு மாற்றிக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான். முதுகு கோணலையே அழகு என்று பொறுக்கி வளர்த்த பலூன் மோலி என்று ஒன்று கடையில் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கும். முதுகெலும்பு வளைந்து குறுகிய மீன் அது, நான் வாங்குவதில்லை.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன்.

கொசுப்புழுவை ஒழிக்க கம்பூசியா, கப்பி இரண்டையும் கிணற்றிலும் குளத்திலும் விடுவது நம் மாநிலத்தில் பழகிப்போன விஷயம். கம்பூசியா 1928-ல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. பூர்வீகம் அமெரிக்கா. இதுவும் குட்டி போடும் மீன்தான், கப்பிக்குப் பங்காளி. நல்ல எண்ணத்தில்தான் கொண்டு வந்தார்கள். மலேரியா மனிதர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. ஆனால் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தயாரித்த பட்டியலில் கம்பூசியா இருக்கிறது. கொசுப்புழுவை மட்டும் தின்னு என்று அதற்கு யார் சொல்வது? மற்ற மீனின் முட்டை, குஞ்சு, தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டான்பூச்சியின் இளம் புழு எல்லாம் தின்னும். தவளையும் தட்டானும் யார்? மருந்தடிக்காத வயலில் நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறவர்கள்.

டெங்குவுக்கு என்று சொல்லிக் குளத்தில் விடுகிறவர்களுக்கு ஒன்று: டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு குளத்தைத் தேடிப் போவதில்லை. வீட்டு டிரம், பழைய டயர், தேங்காய்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, இதில்தான் முட்டை இடும். குளத்து மீன் மாடி டயருக்கு ஏறி வராது. வாரத்துக்கு ஒருநாள் டிரம்மைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தால் எந்த மீனும் வேண்டாம்.

நம்ம ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. தொட்டி கழுவி அலுத்துப்போனவர்கள், வீடு மாறுகிறவர்கள் மீனைக் கொல்ல மனசு வராமல் கோயில் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்து. அய்யங்குளமோ கிரிவலப் பாதையில் இருக்கிற மற்ற குளங்களோ, அங்கே பொரி போட்டு மீனை அழைக்கிற குழந்தைகளுக்கு எந்த மீன் வந்தாலும் ஒன்றுதான். குளத்துக்கு அப்படி இல்லை. ஒரே ஒரு பெண் கப்பி போதும், அதன் உடம்புக்குள் டெபாசிட் இருக்கிறதே. மழைக்காலத்தில் குளம் நிரம்பி ஏரிக்கு, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, மதகு வழியாக வயலுக்கு. திரும்பப் பிடிக்க முடியுமா? ஜிலேபிக் கெண்டை 1952-ல்தான் நம் நாட்டுக்கு வந்தது. இன்றைக்கு அது இல்லாத ஏரியைக் காட்டுங்கள் பார்ப்போம். அதை நாட்டு மீன் என்றே நினைக்கிற தலைமுறை வந்துவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-லேயே மத்திய அரசு தடை செய்தது. ஆனாலும் பண்ணைக்குட்டைக்கு அதன் குஞ்சு வேண்டுமா என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் நாட்டுக் கெளுத்தியோடு கலக்கக்கூடிய மீன் அது. தடை காகிதத்தில், மீன் தண்ணீரில்.

கிணற்றுப் புழுவுக்கு நம் மண்ணிலேயே ஆள் இருக்கிறது. வாய்க்காலிலும் நெல் வயல் ஓரத்திலும் தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டியே நீந்திக்கொண்டிருக்கும், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும், விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்ன மீன். ஊருக்கு ஊர் பெயர் மாறும். அறிவியலில் அப்ளோகீலஸ். மேலே பார்த்த வாய் என்பதால் கொசுப்புழுவை மேற்பரப்பிலேயே கொத்தும். குட்டி போடாது, பாசியில் முட்டை ஒட்டும். அதனால் கப்பி வேகத்துக்குப் பெருகாது, கொஞ்சம் வேலம்பாசி போட்டுப் பொறுமையாக இருக்கணும். மழை முடிந்ததும் பக்கத்து வாய்க்காலில் கொசுவலைத் துணியால் வீசினால் கெண்டைப்பொடியோடு அதுவும் வரும். அந்தந்த ஊர்க் கிணற்றுக்கு அந்தந்த ஊர் வாய்க்கால் மீன். வேறு மாவட்டத்தில் இருந்து அதையும் கொண்டு வர வேண்டாம்.

கிணற்றுக்கும் குட்டைக்கும் கப்பி கேட்டு வருகிறவர்களுக்கு நான் தருவதில்லை. மாட்டுத் தொட்டிக்கு, சிமெண்டு டேங்குக்கு என்றால் ஆண் மீன் மட்டும் நாலைந்து கொடுப்பேன். அது ஈனாது, இருக்கிறவரை புழுவைத் தின்னும். தொட்டி கழுவின தண்ணீரை வாய்க்காலில் விடாமல் தென்னை அடியில் ஊற்றச் சொல்வேன். வீட்டில் வளர்த்துக் கலந்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்குப் பெண் மீனும் தருவேன், கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும். தேதி, தாய், தகப்பன், எத்தனை குட்டி, என்ன நிறம், அவ்வளவுதான் எழுத வேண்டியது. மிஞ்சுகிற குட்டி கோழிக்கு. வளர்க்க அலுத்துப்போனால் என்னிடமே திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கள், எந்த நேரமானாலும் வாங்கிக்கொள்கிறேன். குளத்தில் மட்டும் விட்டுடாதீங்க.